சத்தம் போடாத பிள்ளைக்காம்பரா

அம்மாவை அடக்கம் செய்த அன்று தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர் ஐயா குழியோரம் நின்று பேசினார். சண்முகவடிவு அம்மாள் ஆயாவாக இருந்த காலம் முழுவதும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஒரு குழந்தை அழுது யாரும் கேட்டதில்லை என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். குழியோரத்தில் உண்மை பேசும் வழக்கம் எங்கள் தோட்டத்தில் இல்லை.

அழுத காலமும் உண்டு. ஐம்பத்தாறாம் ஆண்டு, சித்திரை மழைக்குப் பிறகு, சில வாரங்கள். அம்மா தன் உத்தியோகத்தில் செய்த உருப்படியான காரியம் அந்த வாரங்களில்தான் நடந்தது. அதனால்தான் கிளாக்கர் ஐயாவின் பேச்சில் அதற்கு இடமில்லாமல் போனது.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடியலில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுச் செல்லும் தகரக் கூரை அறைதான் பிள்ளைக்காம்பரா. பத்து மணிக்குத் தாய்மார் இறங்கிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடியும் மலையேறுவார்கள். அம்மாவும் ஒரு காலத்தில் மலையேறியவள்தான். அட்டைக்கடி புண்ணாகிக் கால் வீங்கி ஏற முடியாமல் போனதும் ஆயாவாக்கினார்கள். கூடை தூக்க முடியாதவள் நாற்பது பிள்ளைகளைத் தூக்குவாள் என்பது தோட்டத்துக் கணக்கு.

எல்லோருக்கும் அவள் ‘வடிவாயா’. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். தோட்டத்தில் அவளுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்டத்தை நடத்தும் பெரியதுரை, அவருக்கு அவள் பேசுவது புரியாது. மற்றவள் கொழுந்துக்காரி வீரம்மா. அவளுக்கு நன்றாகவே புரியும்.

துரை பிள்ளைக்காம்பராவைச் சோதிக்கும் முறை எளிமையானது. மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். வாசலில் நின்று மூக்கை ஒருமுறை நீட்டுவார், காதை ஒருமுறை சாய்ப்பார். நாற்றமும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள். தோட்டத்தின் மற்றப் பிரிவுகளில் மூக்குச் சோதனையில் தேறியவர்கள் உண்டு. காதுச் சோதனையில் தேறியவள் அம்மா மட்டும்தான். புதிதாகச் சின்னத்துரைகள் வந்தால் அவளைக் காட்டுவதற்காகவே அவர்களை அழைத்து வருவார்.

அந்த அமைதியின் சூத்திரம் அவள் இடுப்பில் நூலில் தொங்கியது. லிந்துலைக் கடைத்தெருவில் ஹலீம் நானா கடையில் வாங்கிய மூன்று ரப்பர் சூப்பிகள். மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டதும் சூப்பியைச் சீனிக்குவளையில் முக்குவாள், அழுகிற வாயில் வைப்பாள். அந்த வாய் மூடியதும் உருவி, மறுபடி முக்கி, அடுத்த வாய். துரை படியேறுவதற்குள் நாற்பது தொட்டிலும் அடங்கிவிடும். இவ்வளவு வேகமாக ஒரு வாயிலிருந்து நாற்பது வாய்க்கு ஒன்றைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு அந்த மலையில் வேறு எதற்கும் இருக்கவில்லை.

அப்போது நான் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சிப் பாத்திகளில் பயிற்சியில் இருந்தேன். இளங்கொழுந்தில் வரும் கொப்புள நோய்க்கு மருந்தடிப்பது எங்கள் வேலை. அது ஒருவகைப் பூஞ்சணம். அதற்காகக் கப்பலில் மருந்து வந்தது, விசைத் தெளிப்பான் வந்தது, வெள்ளைக்காரர் வந்து உருப்பெருக்கியில் பார்த்துவிட்டுக் கவலையோடு திரும்பிப் போனார்கள். நோய் கண்ட மலையில் வைத்த கூடையை அடுத்த மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எங்கள் தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

அதே பருவத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் நாக்கிலும் பூஞ்சணம் வந்தது. அதற்குக் கப்பல் வரவில்லை. இலையில் வந்தால் அது நோய். பிள்ளை நாக்கில் வந்தால் ‘மாவு’. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதற்கு அதுதான் பெயர்.

தயிர்த் துண்டு ஒட்டியதுபோல் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை படியும். பால் என்று நினைத்துத் துடைப்பார்கள். பால் போய்விடும், இது போகாது. அழுத்தித் துடைத்தால் அடியில் இரத்தம் வரும். பாடப்புத்தகத்தில் மதுவம், பேக்கரியில் ஈஸ்ட். பாணை, அதாவது ரொட்டியை, உப்ப வைப்பதற்கு ஒன்றுவிட்ட உறவு. எல்லோர் வாயிலும் கொஞ்சம் இருக்கும். மற்றக் கிருமிகள் அதைத் தலையெடுக்க விடுவதில்லை. பிள்ளை மெலிந்தால், வாயில் சீனி ஊறிக்கொண்டே இருந்தால், அல்லது காவலுக்கிருந்த கிருமிகளை மருந்து கொன்றுவிட்டால், இது காடாகும். பிள்ளை வாயிலிருந்து தாயின் காம்புக்குப் போகும், காம்பிலிருந்து வாய்க்குத் திரும்பும். மண்ணிலும் மதுவம் நிறைய உண்டு. அம்மாவை மூடும்போது அது நினைவுக்கு வந்தது. படிப்பு சில நேரங்களில் சும்மா இருப்பதில்லை.

அந்த வருடம் காவலைக் கொல்லும் வேலையை டிஸ்பென்சரி செய்தது. மருந்துக்கார ஐயா முத்துலிங்கம் யாழ்ப்பாணத்தவர். கஞ்சி போட்ட காற்சட்டை, கறாரான பேச்சு. கொழும்பிலிருந்து ஒரு புதுச் சிரப் வந்திருந்தது. பனிக்காலத்தில் இருமிய பிள்ளைக்கெல்லாம் கொடுத்தார். இருமாத பிள்ளைக்கும், இருமிவிடக்கூடாது என்பதற்காகக் கொடுத்தார். இருமல் நின்றது. மாவு பூத்தது. பூத்ததும் வாயில் பூசும் ஊதா மருந்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். கூடவே ஒரு கட்டளை.

“ஊதா பூசின பிள்ளையள் ஒண்டும் இஞ்சை கிடக்கக் கூடாது. தொத்து வருத்தம். சுகமாகுமட்டும் வீட்டை அனுப்பிப் போடு.”

தவறென்று சொல்ல முடியாது. நாங்கள் படித்ததும் அதுதான்: நோய் கண்ட செடியைத் தனியாக்கு. செடிக்குத் தாய் கிடையாது. அதனால் செடி விஷயத்தில் அது நன்றாக வேலை செய்தது. பிள்ளை லயத்தில் இருந்தால் தாயும் லயத்தில் இருக்க வேண்டும். மலைக்குப் போகாத தாய்க்கு அன்றைய ‘பேர்’ விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை, அரிசியுமில்லை.

ஆகவே லயங்களில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. பெரட்டுக்குப் போகும் முன் பிள்ளையின் வாயைத் திறந்து, விரலில் சேலைத் தலைப்பைச் சுற்றி, வெள்ளை போகும்வரை தேய்ப்பது. தேய்த்தால் இரத்தம் வரும். ஆனால் வெள்ளை இருக்காது. விடியலில் வந்து பார்க்கும் மருந்துக்கார ஐயா தேடுவது வெள்ளையைத்தான். சிவப்பைப் பற்றி அவர் கட்டளை எதுவும் சொல்லவில்லை.

வீரம்மாவின் பிள்ளை சின்னராசா. நாலு மாதம். அவனுக்கு முன் பிறந்த இரண்டும் லயத்துக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் இருந்தன. புருஷன் மூக்கன் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் சறுக்கி விழுந்து முதுகு பிடித்துப் படுத்திருந்தான். வீட்டில் விழுகிற பேர் வீரம்மாவின் பேர் ஒன்றுதான். அவளும் தேய்த்தாள். மற்றவர்களைவிட அழுத்தித் தேய்த்தாள். அவன் பால் குடிப்பதை விட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா சூப்பிகளைச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இத சுடுதண்ணில போட்டு அவிக்கிறியா?”

“அவிச்சா ரப்பரு இளகிப் போகும்டா. ஹலீம் நானா என்ன சும்மாவா குடுக்குறாரு?”

“ஒரு வாயில இருந்து இன்னொரு வாய்க்குப் போகுது. மாவு அதுலதாம்மா பரவுது. சீனி வேற.”

“ஓகோ. எலைக்கு மருந்தடிக்கிறவரு வந்துட்டாரு. ஏன்டா அழகா, தேயிலச் செடி அழுவுமா?”

“அழுவாது.”

“தொரை வந்தா கத்துமா?”

“கத்தாது.”

“அப்ப ஒன் படிப்ப செடிகிட்டயே வச்சுக்க.”

அதில் ஓட்டை தேடினேன். கிடைக்கவில்லை. தாய்மாரின் காம்புக்கும் மருந்து பூச வேண்டும், இல்லாவிட்டால் நோய் போய்ப் போய்த் திரும்பி வரும் என்றும் சொன்னேன். கேட்காததுபோல் வெற்றிலை மென்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்.

“வீரம்மா பிள்ள காம்ப வாயில வச்சாலே வீல்னு கத்துது. பசி வேற, வலி வேற. சூப்பி வச்சாத்தான் கொஞ்சம் அடங்குது.”

“அடங்குறதும் கொணமாகுறதும் ஒன்னா?”

அம்மா சூப்பிகளை மறுபடியும் நூலில் கோர்த்தாள். நான் தலவாக்கலை பஸ்ஸைப் பிடித்தேன்.

அதன் பிறகு நடந்ததை அம்மாவும் வீரம்மாவும் எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். இருவர் கதையிலும் மற்றவள்தான் அதிகம் கத்தியவள்.

மறுநாள் விடியலில் வீரம்மா பிள்ளையை நீட்டினாள்.

“வாயத் தொறந்து காட்டுடி.”

“ஒன்னுமில்லக்கா. பல்லு மொளைக்குது.”

“நாலு மாசத்துல பல்லா? ஒங்க பரம்பரை என்ன யானைப் பரம்பரையா?” அம்மா வாயைத் திறந்தாள். “அடி சண்டாளி, ரெத்தமா இருக்கேடி!”

“வெள்ளையா இருந்தா வீட்டுக்கு அனுப்புவீங்க. செவப்பா இருந்தா வச்சுக்குவீங்க. நான் என்னக்கா செய்ய? அவரு முதுகு ஒடிஞ்சு கெடக்காரு. எம்பேரு விழலைன்னா எங்களுக்குக் கஞ்சி இல்ல. எனக்குக் கஞ்சி இல்லைன்னா இதுக்குப் பால் இல்ல. ரெண்டக் குழியில வச்சுட்டேன்க்கா.”

வீரம்மா மலையேறினாள். மருந்துக்கார ஐயா அன்று இன்னும் வரவில்லை. அம்மா ஊதாப் போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பூசினால் நிறம் பல நாள் போகாது. பார்த்ததும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவார்கள். பூசாவிட்டால் வாய் ஆறாது. எப்படிச் செய்தாலும் சவுக்கு மரத்தடியில் இடம் இருந்தது.

அவள் சின்னராசாவைத் தாண்டிப் பக்கத்துத் தொட்டிலுக்குப் போனாள். அதில் கங்காணி நல்லமுத்துவின் பேரன் கிடந்தான். கொழுகொழு பிள்ளை, வாயில் ஒரு பொட்டு மாவு கிடையாது. அவன் வாயைத் திறந்து பஞ்சால் ஊதா பூசினாள். அந்தப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு எடுத்து அடுத்த பிள்ளை. பிறகு அதற்கடுத்தது. நோய் உள்ளது, இல்லாதது, பால் மறந்தது, நடக்கப் பழகியது என்று பேதமில்லை. கடைசியாகத்தான் சின்னராசா. பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வந்தபோது பிள்ளைக்காம்பரா முழுக்க நாவற்பழம் தின்ற வாய்கள்.

“என்னக்கா இது? கூத்துக்கு வேசம் கட்டுறீங்களா?”

“ஆமா. அடுத்த வேசம் ஒங்களுக்கு. வரிசையா வாங்க, மாரத் தொறங்க.”

“ஐயோ, எங்க வீட்டு ஆளு என்னான்னு கேட்டா?”

“ஆயாகிட்டப் போயி கேளுன்னு சொல்லு. வாறாரான்னு பாப்போம்.”

யாரும் வரவில்லை. ரவிக்கைகளில் ஊதாக் கறையோடு பெண்கள் சிரித்துக்கொண்டே மலையேறினார்கள். கணக்கப்பிள்ளை அதைப் பார்த்து ஏதோ கேட்கப் போய், கேட்காமல் நின்றுவிட்டாராம். அவர் வாழ்க்கையில் எடுத்த நல்ல முடிவுகளில் அது ஒன்று.

மருந்துக்கார ஐயா அன்று தாமதமாகத்தான் வந்தார். வாசலில் நின்று எண்ணத் தொடங்கி, எண்ணுவதில் பயனில்லை என்று விட்டார்.

“உதென்ன கூத்து? எல்லாப் பிள்ளையளுக்கும் வந்திட்டுதே?”

“தொத்து வருத்தம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

“அப்ப எல்லாரையும் வீட்டை அனுப்பு.”

“அனுப்பிரலாங்க. ஆனா மழைக்குக் கொழுந்து பெருத்துக் கெடக்கு. நாளைக்குத் தாய்மாரு யாரும் மலைக்கு வரலைன்னா, ஐயாவும் கிளாக்கர் ஐயாவும் கூடை கட்டிப் போவீங்களா? தொரைகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?”

முத்துலிங்கம் ஐயா ஊதா வாய்களை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். கொழுந்து முற்றினால் துரை என்ன பேசுவார் என்பது அவருக்குத் தெரியும், ஆங்கிலத்தில் தெரியும். “யோசிச்சுச் சொல்லுறன்” என்று சொல்லிப் போனார். அன்று தொடங்கிய யோசனை முடியவே இல்லை. சின்னராசா பிள்ளைக்காம்பராவிலேயே இருந்தான். வீரம்மாவுக்குப் பேர் விழுந்தது. தேய்ப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போனது.

கதை இங்கே முடிந்திருந்தால் கிளாக்கர் ஐயாவே குழியோரம் சொல்லியிருப்பார்.

அடுத்த வாரத்துக்குள் மற்றப் பிள்ளைகளின் வாய் தெளிய ஆரம்பித்தது. சின்னராசாவுக்கு ஒரு நாள் தெளியும், மறுநாள் படியும். வீரம்மா பாலைப் பீய்ச்சிச் சங்கில் ஊற்றினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. குடிக்காத மார் வற்றத் தொடங்கியது. தொடையிடுக்கும் வெந்து சிவந்தது. மாவு வயிறு வழியாக இறங்கியிருந்தது. காரணம் அம்மாவின் இடுப்பிலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவன்தான் அதிகம் அழுதவன். ஆகவே சூப்பியும் சீனியும் அதிகம் கிடைத்தவனும் அவன்தான். அம்மா ஒரு கையால் மருந்து போட்டாள், மறு கையால் நோய்க்குச் சோறு போட்டாள். இரண்டையும் அன்போடு செய்தாள்.

அன்று வீரம்மா பத்து மணிக்கு முன்பே இறங்கி வந்துவிட்டாள். குடிக்காத பால் கட்டி மார் வலி தாங்கவில்லை. வாசலில் நின்றபோது வளைவில் மோட்டார் சைக்கிள் சத்தம். உள்ளே அம்மா கங்காணியின் பேரன் வாயிலிருந்து சூப்பியை உருவினாள், சீனியில் முக்கினாள், சின்னராசா வாயில் வைத்தாள்.

“அக்கா!”

“சத்தம் போடாதடி. தொரை வாறாரு.”

“அந்தப் பிள்ள எச்சிலையா எம்பிள்ளைக்கு ஊட்டுறீங்க?”

“அழுவுது, என்ன செய்யச் சொல்ற?”

“அழுவட்டும்! பசிச்சா பிள்ள அழுவும். தொரை காதுக்காகவா பிள்ள வளக்குறீங்க? ஒங்க அழகனுக்கு ஊரு எச்சிச் சூப்பி வச்சிருந்தா இன்னிக்கு இருந்திருப்பானா?”

அம்மா ஏதோ திட்ட வாயெடுத்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். சூப்பியை உருவியபோது அதன் நுனியில் வெள்ளை ஒட்டியிருந்ததாம். நான் சொன்னபோது நம்பாதவள், பார்த்ததும் நம்பினாள். இடுப்பு நூலை அறுத்து மூன்றையும் பால்மாத் தூள் கரைக்கத் தண்ணீர் கொதித்த அடுப்பில் எறிந்தாள். தண்ணீரில் அல்ல, நெருப்பில். அவளுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது.

ரப்பர் புகைந்தது. கரும்புகை தகரக் கூரைக்கு ஏறியது. சின்னராசா வீறிட்டான். அவனைக் கேட்டுப் பக்கத்துத் தொட்டில். அதைக் கேட்டு எல்லாம். அந்த நேரத்தில்தான் துரை வாசலில் வந்து நின்றார். பின்னால் முத்துலிங்கம் ஐயா.

துரை மூக்கை நீட்டினார். காதைச் சாய்த்தார். பிறகு இரண்டையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நாற்பது ஊதா வாய்கள் ஒருசேரத் திறந்து அவரைப் பார்த்துக் கத்தின.

“ஆயா! என்னா இது?”

“மருந்துங்க தொரைகளே. எரியுது, அழுவுதுங்க.”

துரை முத்துலிங்கம் ஐயா பக்கம் திரும்பினார். ஐயாவின் கழுத்துப் பட்டி நனைந்திருந்தது. ஆனால் மனிதர் புத்திசாலி. நோய் வந்த பிள்ளைக்கு மட்டும் பூசினால் போதாது, வராத பிள்ளைக்கும் தாய்க்கும் சேர்த்து ஒரே நேரத்தில் பூச வேண்டும், அதுதான் தன்னுடைய திட்டம் என்று ஆங்கிலத்தில் விளக்கினார். துரையின் முகம் தெளிந்தது. ஒரு செடிக்கு அடிக்காமல் மலை முழுவதற்கும் மருந்தடிப்பது அவருக்குப் பழகிய விஷயம். நாற்பது பிள்ளைகளையும் ஒரு மலையாக நினைத்ததும் உடனே விளங்கிவிட்டது. “குட்” என்றார். போய்விட்டார்.

அந்த நிமிடம் முதல் அது மருந்துக்கார ஐயாவின் திட்டம். கீழ்த் தோட்டத்துக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கப் போனார். வீட்டுக்கு அனுப்பும் கட்டளையைப் பற்றி யாரும் பிறகு கேட்கவில்லை, அவரும் நினைவுபடுத்தவில்லை. அம்மாவுக்குப் புதிதாக ஒரு போத்தல் ஊதா மருந்து கிடைத்தது. பஞ்சும் கேட்டாள். திட்டம் அவருடையது என்பதால் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு பிள்ளைக்காம்பரா கத்தியது. சீனி இல்லை, சூப்பி இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் வெந்நீரில் கழுவிய சங்கு. அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரிந்தாள். “ஒங்க வயித்துல பொறந்ததெல்லாம் கூத்தாடிப் பயலுகளாடி?” என்று தாய்மாரைக் கேட்டாள். துரை மோட்டார் சைக்கிளைத் தொலைவிலேயே நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவள் விரல் நகங்கள் ஊதாவாகவே இருந்தன. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு போட்டாள். என் நகங்களில் செப்பு மருந்தின் பச்சை இருந்தது.

சின்னராசா மட்டும் தாய்ப்பாலையும் சங்கில்தான் குடித்தான். காம்பைக் காட்டினால் முகத்தைத் திருப்பினான். வாய் ஆறியும் பயம் ஆறவில்லை. வீரம்மா ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு வந்து மாரில் வைப்பாள். அவன் திருப்புவான். அவள் பீய்ச்சுவாள். பீய்ச்சப் பீய்ச்ச வருவது குறைந்தது. மார் வற்றிவிட்டால் அவனுக்குப் பால்மாத் தண்ணீர்தான். சவுக்கு மரத்தடியில் இருந்த இரண்டும் பால்மாத் தண்ணீர் குடித்த பிள்ளைகள்.

ஒருநாள் வழக்கம்போல் வைத்தாள். அவன் முகத்தைத் திருப்பவில்லை. மோந்து பார்த்தான். ஒரு உறிஞ்சல். நிறுத்தினான். வலிக்கிறதா என்று காத்திருந்ததுபோல் இருந்தான். பிறகு பிடித்துக்கொண்டான். வீரம்மா மூச்சுவிடப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கங்காணி நல்லமுத்து வாசலுக்கு வந்தார்.

“உள்ள யாரு இன்னும்? மலைக்கு வரச் சொல்லு ஆயா.”

அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த உடம்புக்கு அது சிரமமில்லை.

“வீரம்மா. வரமாட்டா.”

“ஏன்?”

“பிள்ள குடிக்குது.”

“எல்லாப் பிள்ளையுந்தான் குடிக்குது.”

“இது இப்பத்தான் குடிக்குது.”

“அரைப் பேர்தான் போடுவேன், சொல்லிட்டேன்.”

“போடுங்க. ஒங்க பேரன இன்னிக்கு நீங்களே மலைக்குத் தூக்கிட்டுப் போங்க. நல்லா கத்துவான். காலத்துக்கும் ஒங்க காதுல கேக்கும்.”

கங்காணி உள்ளே எட்டிப் பார்க்க முயன்றார். அம்மா அந்தப் பக்கம் சாய்ந்தாள். அவர் மறுபக்கம் எட்டினார். அவள் அந்தப் பக்கமும் சாய்ந்தாள். முணுமுணுத்துக்கொண்டே அவர் மலைப்பாதையில் ஏறினார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று பயந்தாளாம். முதுகுக்குப் பின்னால் விழுங்கும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் முடிந்தது. வீரம்மா அவனை மறுபக்கம் மாற்றினாள்.